ஸ்டியரிங்கை விடுங்க, ரெண்டு மாட்டையும் பிடிங்க

கேள்வி கேட்ட தம்பிக்கு ஊர் ஆம்பூர் பக்கம். துபாயில் ஒரு முதலாளியின் படகில் மூன்று வருடமாக டெக் வேலை. 42 அடி மோட்டார் க்ரூஸர், இரண்டு டீசல் இன்ஜின், ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு) வைத்தது. லீவு முடிந்து அடுத்த மாதம் திரும்பியதும் "இனி நீயே ஓட்டு" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். "கடல்ல ஓட்டறது பயமில்லண்ணா. மரினாவுக்குள்ள வந்து பெர்த்துல சொருகறப்பதான் கை நடுங்குது. ஸ்டியரிங்க திருப்பினா கேக்க மாட்டேங்குது, த்ராட்டில் குடுத்தா பாயுது. முதலாளி வேற பக்கத்துல நின்னு கத்திக்கினே இருக்காரு. இன்னா பண்றது?" என்று எழுதியிருக்கிறார். (மரினா என்றால் படகுகளைக் கட்டிவைக்கும் சிறு துறைமுகம், பெர்த் என்றால் அதில் ஒரு படகுக்கான இடம்.)

காட்பாடிக்காரனிடம் போய்ப் படகைப் பற்றிக் கேட்பதா என்று யாரும் சிரிக்க வேண்டாம். "தண்ணியில்லா ஆறு" என்று நம்மூரைச் சொல்லிக் காட்டுவது எனக்கும் தெரியும். ஆனால் கடலே எட்டிப் பார்க்காத பழைய வட ஆற்காட்டில்தான் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் 1992-இலிருந்து இருக்கிறது. நானும் கடலை முதலில் பார்த்தது இருபத்திரண்டு வயதில். பிறகு இருபத்தாறு வருடம் வளைகுடாவில் படகுதான் சோறு போட்டது. அதில் பெரும்பகுதி தம்பி சொல்கிற மாதிரியான இரட்டை இன்ஜின் படகுகள்.

முதலில் ஸ்டியரிங் ஏன் கேட்பதில்லை என்பதைப் பார்ப்போம். உங்கள் படகு வேகமாகப் போவதற்காகச் செய்யப்பட்டது. இருபது நாட் (கடல்காரர்களின் வேக அளவு) வேகத்துக்கு மேல் ஓடும்போது சுக்கான் வழியாகத் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். அந்த வேகத்துக்கு அகலமான சுக்கான் தேவையில்லை, ஆகவே சின்னதாக இரண்டு பலகைதான் வைத்திருப்பான். மரினாவுக்குள் நடக்கிற வேகத்தில் வரும்போது அந்தப் பலகையின் மேல் ஓடும் தண்ணீர் மிகக் குறைவு. இன்ஜின் நியூட்ரலில் இருந்தால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ரிவர்ஸில் நிலைமை இன்னும் மோசம், ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானை விட்டு முன்பக்கமாகப் போய்விடுகிறது. நீங்கள் சக்கரத்தை எவ்வளவு சுற்றினாலும் அது காய்ந்த பாலாற்றில் துடுப்புப் போடுவதுதான்.

ஆகவே மரினா வாய்க்குள் நுழைந்ததும் ஸ்டியரிங்கை நேராக நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எது நடு என்று தெரிய வேண்டுமே? படகு கட்டியிருக்கும்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, சக்கரத்தின் உச்சியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். சாமிக் கயிறு என்று முதலாளி நினைத்தாலும் பரவாயில்லை.

இனி உங்கள் கையில் இருப்பது இரண்டு லீவர். இரண்டு மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தா காலத்து மாட்டுவண்டியில் சக்கரத்தைத் திருப்ப எதுவும் கிடையாது. வலத்து மாட்டைத் தட்டி இடத்து மாட்டைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இடத்து மாடு முந்தினால் வலப்பக்கம். படகும் அப்படியே. வலது இன்ஜின் முன்னே போனால் மூக்கு இடதுக்கு, இடது இன்ஜின் போனால் மூக்கு வலதுக்கு. மாட்டால் முடியாத ஒன்று இன்ஜினால் முடியும், ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். இடது முன்னே, வலது ரிவர்ஸ் என்றால் மூக்கு வலதுபக்கமாகச் சுழலும். டிராக்டர் ஓட்டியிருந்தால் வரப்போரத்தில் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்புவது ஞாபகம் வரும், அதற்கு ஒரு படி மேல்.

இதைக் கண்ணால் பார்க்க துபாய் போக வேண்டியதில்லை. போன மாதம் அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு ஏலகிரி புங்கனூர் ஏரிக்குப் போயிருந்தேன். (2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது திருப்பத்தூர்க் கணக்கு, எனக்கு இன்னும் அது வேலூர்தான்.) பையன் துடுப்புப் படகில் உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேராகக் கரையில் போய் முட்டினான். "ஒரு கைய இழு, இன்னொரு கையத் தள்ளு" என்றேன். செய்தான். படகு அப்படியே நட்ட இடத்தில் பம்பரமாகச் சுற்றியது, துடுப்பு நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டது. "போதும், நிறுத்து" என்றதும் நிறுத்திவிட்டான். ஆனால் படகு நிற்கவில்லை. இன்னும் கால் வட்டம் சுற்றிவிட்டுத்தான் நின்றது. "தாத்தா, நான் நிறுத்திட்டேனே!" என்று துடுப்பைத் தூக்கிக் காட்டுகிறான்.

தம்பி, உங்கள் கை நடுக்கத்துக்குக் காரணம் அந்தக் கால் வட்டம்தான். நாலு பேர் உட்காரும் துடுப்புப் படகுக்கே அவ்வளவு என்றால், உங்களுடையது பத்துப் பன்னிரண்டு டன். அதற்கு பிரேக் கிடையாது. லீவரைப் போட்ட உடனே ஒன்றும் நடக்காது, இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் அசையும். அந்த இரண்டு விநாடி பொறுக்காமல் "கேக்கல" என்று இன்னும் கொஞ்சம் த்ராட்டில் கொடுக்கிறீர்கள். பிறகு முதலில் கொடுத்ததும் இரண்டாவது கொடுத்ததும் சேர்ந்து பாய்கிறது.

நான் கற்றுக்கொடுத்த பையன்களுக்கெல்லாம் முதல் ஒரு மாதம் த்ராட்டிலைத் தொடவே விட்டதில்லை. ஐட்லிங்கிலேயே கியரைப் போடுவது, எடுப்பது, அவ்வளவுதான். போட்டு "ஒண்ணு, ரெண்டு" எண்ணு, எடு, பார். படகு என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு அடுத்தது. இரண்டு இன்ஜினையும் ஐட்லிங்கில் கியரில் போட்டாலே இந்த அளவுப் படகு ஐந்து ஆறு நாட் வேகம் எடுக்கும், மணிக்குப் பத்து கிலோமீட்டர் பக்கம். மரினாவுக்குள் அதுவே அதிகம். ஒன்றை மாற்றி ஒன்று போட்டு, நடுவில் நியூட்ரலில் விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வாருங்கள். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்குத் தாவும்போது நியூட்ரலில் இரண்டு விநாடி நிறுத்த மறக்க வேண்டாம். ஒரே அடியாக இழுத்தால் கியர்பாக்ஸ் அடி வாங்கும், சில சமயம் இன்ஜினே அணைந்துவிடும், அதுவும் சரியாகப் பக்கத்துப் படகு இரண்டு அடியில் இருக்கும்போது.

ப்ரொப்பெல்லர் சுற்றும் திசையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இரட்டை ஷாஃப்ட் படகுகளில், பின்னால் நின்று பார்த்தால், முன்னே போகும்போது வலது ப்ரொப்பெல்லர் கடிகார முள் திசையிலும் இடதுபக்கத்தது எதிர்த்திசையிலும் சுற்றும். தரையில் உருளும் டயர்போல ஒவ்வொன்றும் தான் உருளும் பக்கம் படகின் வாலைக் கொஞ்சம் இழுக்கும். இரண்டும் ஒரே கியரில் இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும். ஒன்று முன்னே ஒன்று பின்னே போட்டால் இரண்டும் ஒரே பக்கம் இழுத்துத் திருப்பத்துக்கு உதவும். உங்கள் படகைக் கரையேற்றிக் கழுவும்போது ப்ளேடைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, ப்ரொப்பெல்லருக்கு ரிவர்ஸில் இழுவை குறைவு. அதனால் நின்ற இடத்தில் சுழற்றும்போது படகு மெல்ல முன்னே நகரும். ரிவர்ஸில் இருப்பதை ஒரு எண்ணிக்கை கூடுதலாக விட்டால் சரியாகிவிடும்.

இனி காற்று. இதில்தான் நான் மாட்டினேன், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

களத்தில் தூற்றும்போது பார்த்திருப்பீர்கள். மணி நேராக விழும், பதர் பறக்கும். படகில் மூக்குதான் பதர். உயரமாக நிற்கும், தண்ணீருக்குள் ஆழம் கிடையாது. வால் பக்கம் இன்ஜின், ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர், சுக்கான் எல்லாம் இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டுக் காற்றில் நியூட்ரலில் விட்டால் முதலில் பறப்பது மூக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்கு. 10 நாட் காற்றில் நிதானமாகச் செய்ததை 20 நாட் காற்றில் அதே நிதானத்தோடு செய்ய முடியாது.

கேப்டனாகி இரண்டாவது வருடம். மத்தியானம் மூன்று மணி, வடமேற்கிலிருந்து ஷமால் காற்று எழும்பிவிட்டது. முதலாளியும் ஏழெட்டு விருந்தாளிகளும் படகில். எங்கள் பெர்த்தைத் தாண்டி நிறுத்தி, வாலை உள்ளே விட வேண்டும். நிறுத்திய அந்த நாலு விநாடியில் ஒரு விருந்தாளி ஏதோ கேட்க, நான் திரும்பிப் பதில் சொன்னேன். மறுபடி பார்க்கும்போது மூக்கு காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. அப்போது நான் செய்ததுதான் நீங்கள் இப்போது செய்வது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன், த்ராட்டிலைத் தள்ளினேன். மூக்கு திரும்பவில்லை, படகு முன்னே பாய்ந்தது. எதிர் வரிசையில் ஒரு படகின் நங்கூரம் மூக்குக்கு வெளியே கொக்கிபோல நீட்டிக்கொண்டிருந்தது. அது எங்கள் ஸ்டீல் கைப்பிடிக் கம்பியில் மாட்டி, மூன்று தூணைப் பிடுங்கி, கம்பியை முறுக்குப்போலச் சுருட்டிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆளுக்கு அடியில்லை. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மாதச் சம்பளத்தில் பேசினார்.

என்ன செய்திருக்க வேண்டும்? மூக்கு பறக்க ஆரம்பித்தால் அதை மல்லுக்கட்டி இழுக்காமல், நியூட்ரல், பிறகு ஐட்லிங்கில் ஒன்று முன்னே ஒன்று பின்னே போட்டு வாலைக் காற்றின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். வாலைக் காற்றுக்குக் காட்டி, இரண்டையும் அவ்வப்போது ரிவர்ஸில் தட்டிக்கொண்டிருந்தால் படகு கொடிக்கம்பத்துக் கொடிபோல நேராக நிற்கும். மூக்கு தானாகக் காற்றோடு பின்னால் தொங்கும். அப்படியே ஐந்து நிமிடம் நிற்கலாம், டீ குடிக்கலாம், யோசிக்கலாம். சரிப்படவில்லையா, வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வாருங்கள். நான் ஒருமுறை நாலு தடவை வெளியே போய் வந்திருக்கிறேன்.

பெர்த்துக்குள் வால் முன்னால் போக: பெர்த் உங்கள் இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பெர்த் வரிசைகளுக்கு நடுவிலுள்ள வாய்க்காலில் மெல்ல வந்து, படகின் நடுப்பகுதி பெர்த்தின் வாய்க்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். இடது முன்னே, வலது ரிவர்ஸ். மூக்கு வலதுக்குப் போக, வால் இடதுக்கு வந்து பெர்த்தைப் பார்க்கும். முழுக்க நேராகும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கால் வட்டத்தை நினைத்து முன்கூட்டியே நியூட்ரலுக்கு வாருங்கள். பிறகு இரண்டும் ரிவர்ஸ், ஒரு தட்டு, நியூட்ரல், ஒரு தட்டு.

இங்கே ஒரு சூட்சுமம். பின்னே போகும்போது எந்த லீவரை எடுத்தால் வால் எந்தப் பக்கம் போகும் என்று மண்டை குழம்பும். குழம்பவே வேண்டாம், நீங்களே திரும்பி நில்லுங்கள். ஸ்டியரிங்குக்கு முதுகைக் காட்டி, வாலைப் பார்த்து நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் லீவரைப் பிடியுங்கள். இப்போது நீங்கள் பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும் பக்கம். வலது கையில் இருக்கும் லீவரைப் பார்க்கும் திசையில் தள்ளினால் வால் இடதுக்குப் போகும். வலத்து மாடு முந்தினால் வண்டி இடப்பக்கம், அதே கணக்குதான், மாறவே இல்லை. பார்க்கிறவர்களுக்குக் கேப்டன் கைகட்டி நிற்பதுபோலத் தெரியும், அது ஒரு லாபம்.

ஜெட்டியின் (படகு கட்டும் மேடை) பக்கவாட்டில் அணைப்பது இதைவிடச் சுலபம். இடப்பக்கம் அணைக்க வேண்டுமென்றால் இருபது முப்பது டிகிரி சாய்வில் மூக்கைக் காட்டி வாருங்கள், காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து. ஒரு படகு நீளம் இருக்கும்போதே இரண்டும் நியூட்ரல். மூக்கு ஐந்தடியில் வந்ததும் ஜெட்டிக்கு அந்தாண்ட இருக்கும் இன்ஜினை, அதாவது வலதை, ரிவர்ஸில் போடுங்கள். அது படகையும் நிறுத்தும், வாலையும் ஜெட்டிப் பக்கம் இழுக்கும், மூக்கையும் முட்டவிடாமல் விலக்கும். ஒரே கியரில் மூன்று வேலை. காற்று ஜெட்டியை நோக்கி அடித்தால் நாலடி தள்ளி இணையாக நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள், காற்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கயிறு உங்களுக்கே தெரிந்த வேலை, மூன்று வருடம் பிடித்தவர். ஓட்டுகிற ஆளின் பார்வையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் கயிறு மூக்கிலிருந்து போகக்கூடாது. மூக்கை இறுக்கினால் வால் வெளியே போகும். நடுக் கிளீட்டிலிருந்து (கயிறு கட்டும் கொம்பு) பின்பக்கமாகச் சாய்த்து ஜெட்டியில் கட்டும் ஸ்பிரிங்தான் முதல் கயிறு. அது விழுந்ததும் ஒரு இன்ஜினை ஐட்லிங்கில் முன் கியரில் போட்டு, ஸ்டியரிங்கை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி விட்டால் படகு கன்றுக்குட்டி தாயை ஒட்டி நிற்பதுபோல நிற்கும். (ஸ்டியரிங்குக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். முன் கியரில் இருக்கும் இன்ஜினின் தண்ணீர் சுக்கானில் அடிக்கிறதல்லவா.) பிறகு மற்றக் கயிறுகளை ஆற அமரக் கட்டலாம். 42 அடிக்கு 16 மில்லிமீட்டர் நைலான் போதும், நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் என்பதால் கிளீட்டுக்கு வெட்டு விழாது. தண்ணீரில் தொங்கும் கயிறு இல்லை என்று பார்க்காமல் கியரைத் தொடாதீர்கள். ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவில் யாரும் கை, கால் வைத்துத் தள்ள விடாதீர்கள். பன்னிரண்டு டன்னை எலும்பு தாங்காது.

ஒரு இன்ஜின் செத்துவிட்டால்? இரட்டை இன்ஜின்காரனுக்கு இது ஒருநாள் நடந்தே தீரும். ஓடாத இன்ஜின் இருக்கும் பக்கமாக ஜெட்டியில் அணையுங்கள். இடது செத்துப் போய் வலது மட்டும் ஓடினால், வலதை ரிவர்ஸில் போடும்போது வால் இடதுக்குத்தான் வரும், ஜெட்டியும் அங்கேதான் இருக்கும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு ரிவர்ஸும் படகை ஜெட்டியிலிருந்து பிடுங்கும். இதை நல்ல நாளிலேயே, ஒன்றை நியூட்ரலில் விட்டு, நாலு தடவை செய்து பாருங்கள்.

முதலாளி நாளைக்குப் படகை மாற்றினால் இதெல்லாம் அப்படியே செல்லாது. இன்ஜினோ அதன் காலோ வாலுக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில் இரண்டு ப்ரொப்பெல்லரும் நெருக்கமாக இருப்பதால் ஒன்று முன்னே ஒன்று பின்னே போடும் வித்தையில் பலம் குறைவு. ஆனால் அங்கே ப்ரொப்பெல்லரே திரும்புமே, ஆகவே முதலில் ஸ்டியரிங், பிறகு கியர். 2000-களின் நடுவில் வோல்வோ பென்டா கம்பெனியின் ஐபிஎஸ் (ப்ரொப்பெல்லரே திரும்பும் இன்ஜின் அமைப்பு) வந்தபிறகு ஜாய்ஸ்டிக் வைத்துக் குழந்தை பொம்மைபோல ஓட்டுகிறார்கள். நல்ல சாமான்தான். ஜாய்ஸ்டிக் வேலை செய்யாத அன்று அந்த கேப்டன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

திரும்பிப் போனதும் முதல் வாரம் பெர்த்துக்குள் போய்ப் பழக வேண்டாம். விடியற்காலை, காற்று எழும்பும் முன், வெளியே திறந்த தண்ணீருக்குப் போங்கள். பழைய ஃபெண்டர் (படகின் பக்கத்தில் தொங்கவிடும், இடி தாங்கும் காற்றுப் பை) ஒன்றில் கயிறும் கல்லும் கட்டிப் போடுங்கள். அதுதான் ஜெட்டி. அதைச் சுற்றிச் சுழலுங்கள், வாலை அதனிடம் ஐந்தடியில் கொண்டுபோய் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அது நன்றாகக் கைக்கு வந்தபிறகு அதையே காற்றடிக்கும் மத்தியானத்தில்.

கத்துகிற முதலாளிக்கு மருந்து இருக்கிறது. மரினா வாய் வந்ததும் பெரிய ஃபெண்டர் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "சார், வால் பக்கம் இடது மூலைதான் எனக்குக் கண்ணுக்குத் தெரியல, அங்க நீங்க நின்னாதான் எனக்கு தைரியம்" என்று சொல்லுங்கள். எங்கேயாவது இடிக்கும்போல இருந்தால் நடுவில் ஃபெண்டரைத் தொங்கவிட ஒரு ஆள் உண்மையிலேயே வேண்டும், பொய்யில்லை. என் முதலாளி அந்த மூலையில் பதினோரு வருடம் நின்றார். விருந்தாளிகளிடம், தான் இல்லாமல் இந்தப் படகைப் பெர்த்தில் கட்டவே முடியாது என்று சொல்லுவார்.